சுருளிப்பட்டியில் சொன்ன மூன்று முடிவுகள்

என் நண்பன் ஒருவனைத் திருடன் என்று சினிமா உலகத்தை நம்ப வைத்தேன். அவன் திருடவில்லை. அது எனக்குத் தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். இனி நான் எழுதப்போவது எல்லாம் விளக்கம். விளக்கம் என்றதுமே உங்களுக்குச் சந்தேகம் வரவேண்டும்... வரட்டும். எந்த இடத்தில் கண்ணீர் வரும், எந்த இடத்தில் கைதட்டல் விழும் என்று தெரிந்து எழுதிப் பிழைத்தவன் தன் குற்றத்தைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இவனை நம்பவே மாட்டேன்!

நான் யாரையும் நம்பி வளர்ந்தவன் இல்லை. போடியில் எங்களுடையது ஏலக்காய் வியாபாரக் குடும்பம். என் அப்பா துண்டுக்கடியில் கையை மறைத்து, எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு எதுவும் தெரியக்கூடாது. வீட்டில் சாப்பிடும்போதுகூட அன்றைய விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார். அந்த வீட்டுப் பிள்ளை நான். எதிரில் இருப்பவன் சிரித்தால், எதற்காகச் சிரிக்கிறான் என்றுதான் முதலில் யோசிப்பேன். அதைப் புத்திசாலித்தனம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவன் போய்ச் சேர்ந்த தொழிலைப் பாருங்கள்!

அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு படக் கம்பெனியின் கதை இலாகாவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். ஒரு பெரிய கூடம். தரையில் ஜமக்காளம், நடுவில் வெற்றிலைத் தட்டு. ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே படம் எடுப்பார்கள். ஒருவர் ஒரு காட்சி சொல்வார். இன்னொருவர் அதை உடைப்பார். மூன்றாவது ஆள் உடைந்ததில் பாதியை எடுத்து வேறொன்றோடு ஒட்டுவார். சாயங்காலம் எழுந்திருக்கும்போது எது யார் சொன்னது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எழுத்தில் எதுவும் இருக்காது.

அந்த இலாகாவுக்குத் தலைவர் சதாசிவம் ஐயா. கதை சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

எனக்குச் சில மாதம் பின்னால் வந்து சேர்ந்தவன் சுந்தரபாண்டி. எங்கள் போடிப் பக்கத்துக் கெங்குவார்பட்டியில் விவசாயக் குடும்பம். நான் காபி கேட்ட ஒரே வாக்கியத்தில் என் ஊரைக் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து நான் அவனுக்கு அண்ணன். கோடம்பாக்கத்தில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்தோம். என்னைவிட அவனுக்குக் கற்பனை குறைவு. ஆனால் ஞாபகசக்தி அபாரம். யார் எந்தக் காட்சியைச் சொன்னார், அன்று என்ன டிபன் வந்தது என்பதுவரை சொல்வான். யாராவது பிறர் சொன்னதைத் தன்னுடையதாகச் சொன்னால் இவனுக்கு முகம் சுருங்கிவிடும். "அது அவுக சொன்னதுல்ல" என்று மெதுவாக முணுமுணுப்பான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பின்னால் நடந்ததைச் செய்தேன். அதை மறந்துவிடாதீர்கள்.

நான் மளமளவென்று மேலே வந்தேன். முதலில் வசனம், பிறகு திரைக்கதை, பிறகு டைரக்‌ஷன். சதாசிவம் ஐயாவும் அந்தக் கம்பெனியை விட்டு விலகித் தனியாகப் படம் எடுக்கத் தொடங்கினார். என் முதல் படம் நன்றாக ஓடியது. இரண்டாவது படம் அதைவிட நன்றாக ஓடியது. கதை, திரைக்கதை, வசனம், டைரக்‌ஷன் என்று திரையில் ஒரே கார்டில் என் பெயர் தனியாக வரும். பிறமொழிப் படங்களைப் பார்த்துக் கதை பண்ணுகிறவர்கள் நிறைந்திருந்த அந்தக் காலத்தில், இவர் சொந்தச் சரக்குக்காரர் என்று என்னைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெயர் எனக்குச் சோற்றைவிட முக்கியமாகிவிட்டது.

சுந்தரபாண்டி என்னோடு கதை விவாதத்துக்கு உட்காருவான். என் பெயருக்குப் பின்னால் எங்கோ சின்ன எழுத்தில் அவன் பெயர் ஓடும். அவன் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அதுவும் சந்தேகம்தான். ஏன் கேட்கமாட்டேன் என்கிறான்...?

அப்போது ஒரு காரியம் நடந்தது. நான் படமாக்க வைத்திருந்த ஒரு காட்சி, கிட்டத்தட்ட அப்படியே, வேறொருவர் படத்தில் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் இன்னொன்று. இப்போது யோசித்தால், எல்லோரும் ஒரே குட்டையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த காலம், ஒரே மாதிரி மீன் மாட்டுவதில் அதிசயம் என்ன? ஆனால் அன்று எனக்கு ஒன்றுதான் தோன்றியது. என் அறையிலிருந்து கதை வெளியே போகிறது!

எழுபதுகளின் தொடக்கம் அது. என் அடுத்த படத்துக்குப் பணம் போட முன்வந்தவர் தேனி தேவசகாயம் முதலாளி. காய்கறி மண்டி, மிளகு, ஏலக்காய் என்று பெரிய வியாபாரம். கதை கேட்க உட்காரும்போது ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டுத்தான் "ம்... சொல்லுங்க" என்பார். சுருளிப்பட்டியில் அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அங்கே இருந்த வீட்டில் உட்கார்ந்து கதையை முடிக்கலாம் என்றார். நான், சுந்தரபாண்டி, தயாரிப்பு நிர்வாகி ரத்தினம் மூவரும் போய்த் தங்கினோம்.

நாங்கள் போன முதல் நாளே தேவசகாயம் சுந்தரபாண்டியின் தோளில் கை போட்டுக்கொண்டு, அடுத்த படம் தம்பிக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். டைரக்‌ஷன் சுந்தரபாண்டி என்று கார்டு போடப்போகிறோம் என்றார். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நானும் சிரித்தேன். எனக்குள் என்னவோ கசந்தது. அது பொறாமையா? இத்தனை வருடமாகக் கேட்டுப் பார்க்கிறேன்... இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எங்கள் கதை இதுதான். தம்பி செய்த கொலைக்கு அண்ணன் பழியேற்று ஜெயிலுக்குப் போகிறான். தம்பி பணக்காரனாகிறான். அண்ணன் செத்துப்போனதாக அம்மாவை நம்பவைக்கிறான். தம்பியின் கல்யாண நாளன்று அண்ணன் விடுதலையாகி வந்து நிற்கிறான். அப்புறம் என்ன? அந்த முடிவுதான் படத்தின் உயிர்.

முடிவு என் மனதில் தயாராக இருந்தது. தம்பி மடியில் அண்ணன் உயிரை விடுகிறான். அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மூன்று பேருக்கு மூன்று பொய் முடிவுகளைத் தனித்தனியே சொல்லிவைப்பது என்று முடிவு செய்தேன். எது வெளியே வருகிறதோ, அதைக் கேட்டவன் திருடன்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தேவசகாயத்திடம், தம்பி மணமேடையிலிருந்து எழுந்து போலீஸிடம் சரணடைகிறான் என்றேன். ரத்தினத்திடம், அண்ணன் மறுபடி ஜெயில் வாசலுக்கே போய் நிற்கிறான் என்றேன். சுந்தரபாண்டியைத் தோட்டத்து வாய்க்கால் ஓரம் அழைத்துப்போய் மூன்றாவதைச் சொன்னேன்.

தாடியும் கிழிசலுமாக வந்த அண்ணன் கல்யாணப் பந்தியில் ஓர் ஓரமாக உட்காருகிறான். தம்பிக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது. தெரியாதவன்போல வந்து பாயசம் ஊற்றுகிறான். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறான். பிறகு இலையைத் தன் பக்கம் மடிக்காமல், எதிர்ப்பக்கமாக மடித்து வைத்துவிட்டு எழுந்து போகிறான். உங்களுக்குத் தெரியும், கல்யாண வீட்டில் இலையை நம் பக்கம்தான் மடிப்போம், உறவு தொடரவேண்டும் என்று. எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில். இலை எடுக்க வந்த அம்மா அதைப் பார்க்கிறாள். போகிறவனின் முதுகைப் பார்க்கிறாள். பெற்றவளுக்குப் புரிந்துவிடுகிறது...

சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது. எலிப்பொறியில் வைத்த கருவாடு இவ்வளவு வாசனையாக அமைந்துவிட்டதே என்று வருத்தமாகக்கூட இருந்தது. இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது? நடந்துகொண்டே யோசித்தேன், வந்துவிட்டது. அதற்குமேல் அன்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டவன், என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

சுந்தரபாண்டி நின்றுவிட்டான். அவன் முகம் சுருங்கியது.

"இது வேணாம்ணே" என்றான்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. வேணாம்ணே. வேற யோசிப்போம்." அதற்குள் தோட்டத்து வாசலில் கார் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தா, முதலாளி வந்துட்டாக. அவுக முன்னாடி வேணாம். அப்புறம் தனியாச் சொல்றேன்."

முதலாளிக்குத் தெரியாமல் என்ன சொல்லப்போகிறான்? நல்ல காட்சியை எதற்கு வேண்டாம் என்கிறான்? நான் எடுக்காமல் விட்டால்தானே இன்னொருத்தனுக்கு விற்கலாம்! இப்படி ஓடியது என் புத்தி. சாயங்காலம் அவன் என் அறைக்கு வந்தபோது தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலை, கம்பத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிப் போனான். மதியம் வெறுங்கையோடு திரும்பி வந்தான். என்ன வேலை என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் குளிக்கப் போனதும் காரை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். சினிமாக்காரன் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓர் ஏலக்காய்க் கடையில் அவன் போன் பேசியதை விசாரித்துக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் என் படங்களை விரும்பிப் பார்ப்பவர், குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்.

"மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டுப் பேசுனாருங்க. சதாசிவம் அய்யா இருக்காகளான்னு கேட்டாரு. லைன் சரியில்ல, கத்தித்தான் பேசுனாரு. இலை, பந்தின்னு என்னமோ காதுல விழுந்துச்சு."

கலர் பாட்டிலைக் கீழே வைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை... அந்த நிமிஷம் எனக்கு வருத்தமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் மூன்று பேரையும் உட்காரவைத்து, என் நிஜ முடிவைச் சொன்னேன். மற்றதையெல்லாம் விட்டுவிடலாம் என்றேன். சுந்தரபாண்டியின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைக் கண்ணால் பார்த்தேன். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி! அதன்பிறகு அவன் என்னிடம் தனியாகச் சொல்லவேண்டும் என்ற விஷயத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதுவும் எனக்கு ஒரு சாட்சியானது.

இரண்டு மூன்று மாதம் கழித்துப் படப்பிடிப்புக்காகக் கம்பத்தில் இருந்தோம். சதாசிவம் ஐயாவின் புதுப் படம் அங்கே வந்திருந்தது. ஒரு மேட்னிக்கு எல்லோருமாகப் போனோம். அவனை என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டேன். கதை வேறு, ஆட்கள் வேறு. ஆனால் கடைசியில் கல்யாணப் பந்தி வந்தது. பாயசம் வந்தது. இலை எதிர்ப்பக்கமாக மடிந்தது. கொட்டகையில் பெண்கள் விசும்பும் சத்தம் கேட்டது.

இருட்டில் சுந்தரபாண்டி என் பக்கம் திரும்பிச் சிரித்தான். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான்.

என்ன நெஞ்சழுத்தம்! திருடியதும் இல்லாமல் கையைப் பிடித்துச் சிரிக்கிறானே... கையை மெல்ல இழுத்துக்கொண்டேன்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நானே சொல்கிறேன். ஒரு படத்தின் கடைசிக் காட்சியை எடுத்து, வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, சென்சார் முடித்து, படப்பெட்டி கம்பம் வரைக்கும் வந்து சேர எத்தனை காலம் பிடிக்கும் என்று தெரியாதவனா நான்? அவன் போன் பேசிய அன்று அந்தப் படம் முக்கால்வாசிக்குமேல் முடிந்திருக்கவேண்டும். தொழிலில் நேற்று வந்தவன்கூட அதைச் சொல்லிவிடுவான். எனக்கும் தோன்றியது. அந்த எண்ணம் வாசல் வரைக்கும் வந்தது. நான்தான் உள்ளே விடவில்லை.

நான் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று சட்டையைப் பிடித்திருக்கலாம். அவன் பதில் சொல்லியிருப்பான். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். நான் கேட்கவே இல்லை... பழைய மாதிரியே சிரித்துப் பேசினேன். படம் முடிந்து டைட்டில் கார்டு எழுதியபோது அவன் பெயரை எடுத்துவிட்டேன். சென்னையில் இரண்டு தயாரிப்பாளர்களிடம் பேச்சுவாக்கில், நல்ல பையன்தான், ஆனால் அவன் இருக்கும்போது கதை பேசாதீர்கள் என்றேன். இரண்டே பேரிடம்தான் சொன்னேன். கதையை வாயால் சொல்லிக் காதால் வாங்குகிற தொழிலில், ஒருவனுடைய காதை நம்பமுடியாது என்று சொல்லிவிட்டால் அவன் கதை முடிந்தது.

அதோடு நின்றேனா?

தேவசகாயம் சொன்ன சொல் தவறாதவர். சுந்தரபாண்டியின் படத்துக்கு நாள் குறித்துவிட்டார். அவனும் கதையைத் தயார் செய்து, ஊரில் அப்பாவிடம் சொல்லி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, புது வேட்டி கட்டித் தேனிக்கு வரவிருந்தான். முந்தின நாள் நான் அங்கே போயிருந்தேன். தற்செயலாகப் போனேன் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். இல்லை, வேண்டுமென்றேதான் போனேன்.

"டைரக்டர் சார், தம்பிய நம்பி எறங்கலாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று தேவசகாயம் கேட்டார்.

நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க துட்டு, உங்க இஷ்டம் முதலாளி" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்தாரோ, யோசித்தாரோ தெரியாது. அந்தப் படத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சுந்தரபாண்டி சில மாதம் சென்னையில் அலைந்தான். எங்கே போனாலும் காபி கொடுத்தார்கள், கதை கேட்கவில்லை. என் வீட்டுக்கும் வந்தான். நான் ஊரில் இல்லை என்று என் மனைவியைச் சொல்லச் சொல்லிவிட்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பை நிறைய அவன் ஊர்ப்பக்கத்து மாம்பழத்தை வைத்துவிட்டுப் போனான். எதற்காகக் கொண்டுவந்தான், என்ன எதிர்பார்க்கிறான் என்று சந்தேகம். ஒன்றைக்கூடத் தொடாமல் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். பிறகு அவன் ஊருக்குப் போய்விட்டதாகவும், தேனி மார்க்கெட்டில் தேவசகாயம் மண்டியிலேயே காய்கறி ஏலம் கூவுகிற வேலையில் சேர்ந்துவிட்டதாகவும் ரத்தினம் சொன்னான். டைரக்டராக அவனை உட்காரவைக்க நினைத்தவரே அந்த வேலையைக் கொடுத்தார். பாவம் என்று கொடுத்தாரோ என்னவோ.

நான் மேலும் சில படங்கள் எடுத்தேன். சில ஓடின, சில ஓடவில்லை. எழுபதுகளின் கடைசியில் புதியவர்கள் வந்தார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்து வயலுக்கும் வாய்க்காலுக்குமே வந்தார்கள். அட்டையில் வீடு கட்டிப் படம் எடுத்த என்னை யாரும் தேடவில்லை. மரியாதை மட்டும் மிச்சமிருந்தது. சொந்தச் சரக்குக்காரர் என்ற அந்தப் பழைய பெயரும்.

எண்பதுகளில் சதாசிவம் ஐயா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அத்தனை வருடமாக அவர் வீட்டுப் பக்கம் நான் போனதில்லை. திருட்டுச் சரக்கை வாங்கியவர் என்ற கோபம். உடம்புதான் ஒடுங்கியிருந்தது, ஞாபகம் கூர்மையாக இருந்தது. பழைய படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், அந்தக் கல்யாணப் பந்திக்கு வந்துவிட்டார். நான் உஷாராகிவிட்டேன். ஒப்புக்கொள்ளப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்த இலை சீனைக் கதை இலாகாவுல முதல்ல சொன்னப்ப நீ அழுதியே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்தார். கல்யாண வீட்டில் அபசகுனமா என்று அன்று கம்பெனி முதலாளி அதைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். வெற்றிலைத் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதவன் நான் ஒருவன்தானாம். தன் படத்தில் அதை வைத்தபோது என் அழுகையை நினைத்துத்தான் வைத்தாராம்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வந்துவிட்டது... ஜமக்காளம், தட்டு, அவர் தன் கையையே இலையாக்கி எதிர்ப்பக்கம் மடித்துக் காட்டியது! எல்லாம் அப்படியே வந்தது. சுருளிப்பட்டி வாய்க்கால் ஓரத்தில் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பத்து வருடம் முன்னால் விழுங்கியது வெளியே வந்திருக்கிறது. என் பொறியில் நான் வைத்த கருவாடே திருட்டுக் கருவாடு!

அவர் விடவில்லை. "உன் பையன் சுந்தரபாண்டி கம்பத்துலேர்ந்து போன் பண்ணினான். ஐயா, அந்த சீன் உங்களுதுங்கறது அண்ணனுக்கு மறந்துபோச்சு, தப்பா எடுத்துக்காதீங்க, அவர் எடுத்துக்கலாமான்னு கெஞ்சினான். நான் அதை ஷூட் பண்ணி முடிச்சிட்டேனே, இல்லேன்னா உனக்குக் கொடுத்திருப்பேன். ரொம்ப நல்ல பையன். எங்க இருக்கான் இப்ப?"

தெரியவில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்.

இப்போது உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். முதலாளி முன்னால் வேண்டாம் என்று அவன் சொன்னது என் மானத்தைக் காப்பாற்ற. போன் செய்தது எனக்காகப் பிச்சை கேட்க. நான் அந்த முடிவை விட்டுவிட்டதாகச் சொன்னதும் அவன் முகத்தில் வந்த நிம்மதி, அண்ணன் தப்பித்தார் என்ற நிம்மதி. கொட்டகையில் கையைப் பிடித்ததும் அதற்குத்தான். ஒவ்வொன்றையும் தலைகீழாகப் படித்திருக்கிறேன்!

தெரிந்ததும் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அந்த இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவர் உயிரோடுதான் இருந்தார். தேவசகாயத்திடம் போய் நின்று சொல்லியிருக்கலாம். அதே வருடம் எனக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். வாழ்நாளில் பிறர் கதையைத் தொடாதவர் என்று மேடையில் பேசினார்கள். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு கைகூப்பினேன். ஒரு வருடத்துக்குமேல் இப்படியே ஓட்டினேன். தூக்கம் போனது, பசி போனது. கடைசியில் தாங்கமுடியாமல் தேனிக்கு ரயில் ஏறினேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். இதையாவது நம்புங்கள்.

காலையில் மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் தனியாகக் கேட்டது. தக்காளிக் கூடைகளுக்கு மத்தியில் நின்று ஏலம் கூவிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூவச் சொல்லிவிட்டு ஓடிவந்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. என் பெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு அழைத்துப் போனான். மார்க்கெட்டுக்குப் பின்னாலேயே சின்ன ஓட்டு வீடு. அவன் மனைவி மரகதம் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவளுக்கு ஏதோ தெரியுமோ என்று எனக்குத் திக்கென்றது. அப்போதும் சந்தேகம்! சொல்ல வந்தவனுக்கு எதற்கு அந்தப் பயம்?

தொண்டையைச் செருமிக்கொண்டேன். முதல் வாக்கியத்தை ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அவன் பேசத் தொடங்கிவிட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். இத்தன வருசமா மனசுலயே கெடக்கு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சுருளிப்பட்டியில இருக்கும்போது உங்ககிட்டச் சொல்லாம கம்பத்துக்குப் போயி அய்யாவுக்கு போன் போட்டேன். அந்த எல சீன் அவுக சொன்னதுண்ணே, உங்களுக்கு மறந்துபோச்சு. கேட்டு வாங்கிருவோம்னு பாத்தேன். மறுநாளு நீங்களே விட்டுட்டீக. சரி, ஞாபகம் வந்துருச்சுன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

நான் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்காக நான் போயி இன்னொருத்தர்கிட்டக் கையேந்தி நின்னா, அது உங்களுக்குக் கேவலமில்லையா? அது உங்க காதுக்கு வந்துருக்கும். அதுலதான் உங்க மனசு விட்டுப்போச்சு. நெனச்சு நெனச்சுப் பாத்தேண்ணே, வேற ஒரு தப்பும் நான் பண்ணல. இது ஒண்ணுதான்." அவன் கைகூப்பினான். "மன்னிச்சிருங்கண்ணே."

இதுதான் நேரம். இல்லையடா, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, செய்தவன் நான் என்று சொல்லவேண்டிய நேரம். அதற்காகத்தானே அத்தனை தூரம் போனேன்! வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். தன் வாழ்க்கை ஏன் இப்படிப் போனது என்பதற்கு அவனிடம் ஒரு காரணம் இருந்தது. அதில் நான் நல்லவனாக இருந்தேன்.

"அதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன். விடு" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. பல வருட பாரத்தை இறக்கி வைத்தவனாக மூச்சு விட்டான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "கேட்டியா மரகதம், அண்ணன் என்னய மன்னிச்சிட்டாக" என்றான்.

அவள் வெளியே வந்து நின்றாள். முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.